இறைப்பும் படிப்பும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தரல் வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்க இலக்கியத்திலோ சைவ சித்தாந்தத்திலோ ஒரு பொருளை எடுத்து எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். தமிழாசிரியன் ஒருவனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும் எழுத அமர்ந்த இரவில் வீட்டின் பின்புறத்துத் தோட்டத்திலே நீரிறைக்கும் இயந்திரம் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது. அவ்வொலி சங்கப் புலவரை விரட்டிவிட்டு எம் மனத்தை வேறோரிடத்திற்கு இழுத்துச் சென்றது. ஆதலின் கற்றோர் விரும்பும் ஆராய்ச்சி எதுவும் இக்கட்டுரையில் இல்லை, பொறுத்தருள்க.

யாம் புத்தூரிற் பிறந்து, இக்கல்லூரியிற் கற்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரத்தோடு வெளிவந்தோம். பட்டதாரிகள் மலிந்த இக்காலத்தில் அத்தகைய பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைப்பார் எவருமிலர். எம் அன்னையார் மாட்டி வைத்திருக்கின்றார்.

எம்மூர் செம்பாட்டு மண் செறிந்தது. ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகள் வழியே மாரி மழை இறங்கித் தங்கும் நிலத்தடி நீரே எமக்கு வாழ்வு. அந்நீரும் தனித்து நிற்பதன்று. மேலே நன்னீர் மிதக்க, அதன் கீழே கடலின் உவர்நீர் காத்துக்கிடக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைக் காணவரும் வெளியூரார் அதன் ஆழத்தையே வியந்து பேசி மீள்வர். மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அக்கிணறு இருத்தலே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அளவறிந்து இறைப்பவனுக்கு நன்னீர் கிடைக்கும். அளவு மீறினால் உவர் மேலேறிவிடும். இதனை எம் பாட்டனார் எந்தப் புத்தகத்திலும் படித்தறிந்தவரல்லர்.

பாட்டனாரின் இளமையில் இறைப்பென்பது துலாவினால் நிகழ்ந்தது. ஆடுகாலிற் பொருத்திய துலாவின்மீது ஒருவர் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார். மற்றொருவர் கிணற்றின் விளிம்பில் நின்று பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். மூன்றாமவர் மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே சென்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறாக இருக்கும். இன்னாருக்கு இன்ன நேரம் என்று முறை உண்டு. அம்முறை பற்றி எழுந்த பிணக்குகள் நீதிமன்றுவரை சென்றதுமுண்டு. விடியுமுன் இறைப்பை முடித்துவிட்டுப் பையன்கள் குளித்துத் திருநீறு பூசிக் கல்லூரிக்கு வருவர். பல வீடுகளில் மூத்தவன் துலா மிதித்தான், இளையவன் படித்தான். கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருந்து இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர், தாம் மூத்தவரா இளையவரா என்பதை மறந்திருக்கமாட்டார்.

எம் தாய்வழிப் பாட்டனாருக்கு அரசியல் ஒருமுறை வாரி வழங்கியது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. தென்னிலங்கையில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. எம்மூரிலோ மிளகாய்ச் செடி பொன் காய்த்தது. ஓலை வீடுகள் கல்வீடுகளாயின. பாட்டனாரும் கல்வீடு கட்டத் தொடங்கினார். இறைப்பு இயந்திரமும் வாங்கினார்.

அதே ஆட்சியின் காலத்திலேதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியிற் பொறியியல் கற்பதற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 250 புள்ளி பெறல் வேண்டும். சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 227 போதும் என்றாயிற்று. எம் தாய்மாமன் இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் நின்றுவிட்டார். எழுதுவினைஞராகக் கொழும்பு சென்றார்; 1983 ஆடியிற் கப்பலேறி அகதியாகக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார்; பின்னர்க் கனடா சென்றார். எந்திரி ஆகாத குறை அவருடைய பேச்சில் இன்றும் உண்டு. தந்தைக்கு ஒரு கையாற் கொடுத்து மகனிடம் மறு கையாற் பறித்த அவ்வரசு நல்லதா தீயதா என்று பாட்டனாரிடம் யாம் சிறுவனாயிருந்தபோது கேட்டதுண்டு. “எந்த வருசத்தைக் கேக்கிறாய், மோனை?” என்று அவர் திருப்பிக் கேட்டார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சரக்கும் வந்தது. பாட்டனார் கட்டிய வீட்டின் மேற்கு அறை அன்று முதல் பூசப்படாமலே நிற்கின்றது.

எமது தலைமுறைக்கு அரசியல் மண்ணெண்ணெயாக வந்தது. 1990இல் யாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அதன்மேற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்த விளக்கின் ஒளியிற் படித்தோம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்த நாளில், அதனை விளக்கிற்கு வைப்பதா இயந்திரத்திற்கு விடுவதா என்று எம் பெற்றோர் வழக்காடுவர். அன்னையார் விளக்கின் கட்சி. தந்தையார் இயந்திரத்தின் கட்சி. யாம் கேட்ட முதல் அரசியல் விவாதம் அதுவே. 1995 ஒக்டோபரிற் புத்தூர் - மீசாலை வீதியால் தென்மராட்சிக்குச் சென்றதையும், மறு ஆண்டு மீண்டபோது கிணறு கிடந்த கோலத்தையும் ஈண்டு விரிக்க விரும்பவில்லை. அது தனிக் கட்டுரை. எழுதும் துணிவு இன்னும் வரவில்லை.

இவ்வாறு மண்ணெண்ணெயில் வளர்ந்த ஒருவன் ஆசிரியனானபின் அதனை மறந்தது எங்ஙனம் என்பதே இப்போது எம்மைக் குடைகின்ற கேள்வி. மாதச் சம்பளம் மனிதனைத் தோட்டத்திலிருந்து மெல்லப் பிரித்துவிடுகின்றது போலும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். யாமும் நின்றோம்; அது நியாயமான கோரிக்கை என்றே இன்றும் கருதுகின்றோம். ஆனால் அக்காலத்தில் அயலிலுள்ள தோட்டக்காரர் ஒருவர் வேலியருகே நின்று கேட்டார்: “வாத்தியார், நீங்கள் படிப்பிக்காமல் விட்டால் அரசாங்கம் கேக்கும். நாங்கள் நடாமல் விட்டால் ஆர் கேக்கிறது?” பசளைத் தடை நவம்பரில் நீக்கப்பட்டது. அவர் கேட்டதற்கு யாம் மறுமொழி சொல்லவில்லை.

அவருடைய மகன் அப்போது எம்மிடம் கற்றுக்கொண்டிருந்தான். 2022 பங்குனி மாதம், பதினோராந் தரம், முதலாம் பாடவேளை. நாடெங்கும் மின்வெட்டு, அம்மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவை யாம் கற்பித்துக்கொண்டிருந்தோம். உழவரின் பெருமையைக் குரலுயர்த்தி விளக்கிய வேளையில், பின்வரிசையில் அம்மாணவன் மேசைமீது தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினோம். எழுப்பியதோடு நில்லாது பிரசங்கமும் செய்தோம். “சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டி இங்கிருந்து எவ்வளவு தூரம்? செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றிய பெருமகன் பிறந்த அயலிற் பிறந்தும் தமிழ்ப் பாடத்தில் உறங்குகின்றாயே!” என்றோம். அவன் ஒன்றும் கூறவில்லை. பாடவேளை முடியும்வரை நிற்குமாறு பணித்தோம். நின்றான், நின்றுகொண்டே மீண்டும் கண்ணயர்ந்து தள்ளாடினான். வகுப்புச் சிரித்தது. யாமும் சிரித்தோம். ஏசியதைப் பார்க்கினும் அச்சிரிப்பே எம்மை இன்றும் உறுத்துகின்றது.

அன்று மாலை மண்ணெண்ணெய் வரிசையிற் கையிற் கலனோடு யாம் நின்றோம். எமக்கு முன்னே நின்றவர் அவனுடைய தந்தையார். அவர் கோபங்கொள்ளவில்லை. “பொடியனைப் பேசினியளாம், வாத்தியார். அவன் ராவு முழுக்க என்னோடை தோட்டத்திலை நிண்டவன். எண்ணெய் இல்லாமல் மிசின் சும்மா கிடக்கு. மோட்டருக்குக் கறண்ட் வந்த நேரம்தான் எங்களுக்கு இறைப்பு. தண்ணி மாற எனக்கு வேறை ஆள் இல்லை” என்றார். அவ்வளவுதான். அதன்பின் வெங்காய விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அன்று வரிசையிற் கடைசி ஆள்வரை எண்ணெய் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று.

மறுநாள் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோமா என்றால், இல்லை. ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் முறையை யாம் பெற்ற பயிற்சி எமக்குக் கற்பிக்கவில்லை. கற்பித்திருந்தாலும் கேட்டிருப்போமோ, அறியோம். தமிழ்ப் பாடத்தை மூன்றாம் வேளைக்கு மாற்றலாமோ என்று பார்த்தோம், நேரசூசி இடந்தரவில்லை. ஈற்றில், அவ்வதிகாரத்தை முடிக்கும் நாளில், தண்ணீர் மாறுவது எவ்வாறு என்று வகுப்பிற்குக் கூறுமாறு அவனை அழைத்தோம். நாணத்தோடு தொடங்கியவன் கரும்பலகையில் வாய்க்காலை வரைந்தான். கிணற்றிற்கு அண்மையிலுள்ள பாத்தி எவ்வளவு குடிக்கும், கடைசிப் பாத்திக்கு நீர் ஏன் பிந்துகின்றது, மின்சாரம் இடையில் நின்றால் எந்தப் பாத்தி வாடும் என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினான். யாம் பின்வரிசையில், அவன் உறங்கிய இருக்கையில், அமர்ந்து கேட்டோம்.

அரசியலை வகுப்பறையிற் பேசலாகாது என்பது ஆசிரியர்க்கு விதி. யாம் அதனைக் காத்தே வருகின்றோம். தேநீர்க் கடைக்கு அவ்விதி இல்லை. 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றபோது, எம்மூர்க் கடையில் மூன்று நாள் வழக்காடினர். தமிழ்த் தலைவர்களுக்கு மக்கள் கொடுத்த தண்டனை என்றார் ஒருவர். 1956இன் மொழிச் சட்டத்தை மறந்த பிழை என்றார் முதியவர் ஒருவர். அறுவடைக் காலத்தில் வெங்காய இறக்குமதியை நிறுத்துபவர் எவரோ அவருக்கே தம் வாக்கு என்றார் மூன்றாமவர். எம்மைப் பார்த்து, “வாத்தியார் என்ன சொல்றியள்?” என்றனர். தேநீர் ஆறுகின்றது என்றோம். சிரித்தனர். முதியவர் சொன்னதும் மூன்றாமவர் சொன்னதும் எம் பாட்டனாரின் ஒரே வீட்டுக்குள் இருந்தவை என்று கூற எண்ணியிருந்தோம், கூறவில்லை.

2025 பங்குனியில் ஒரு மாலை அம்மாணவனும் தந்தையாரும் எம் வீட்டிற்கு வந்தனர். முந்திய நவம்பரிற் பெய்த பெருமழையில் அவர்களுடைய வெங்காயம் முழுவதும் அழுகிப்போயிற்று. அதே மழையால் இடைநிறுத்தப்பட்டுப் பின்னர் நடந்த உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு மகன் பெறுபேற்றை எதிர்நோக்கியிருந்தான். பயிரழிவுக்கு நிவாரணம் கேட்டுத் தந்தையார் விண்ணப்பித்திருந்தார். கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து மறுமொழி வந்திருந்தது. அக்கடிதத்தை எம்மிடம் நீட்டி, “வாத்தியார், என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ” என்றார்.

கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். அது எமக்குத் தெரியும். கடிதத்தில் ஓரெழுத்தும் தெரியாது. நாற்பது வயது கடந்த தமிழாசிரியன் கையில் அத்தாளை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்த நேரத்தை இப்போது நினைப்பினும் கூசுகின்றது. “தாங்கோ, சேர், பாப்பம்” என்று மகன் வாங்கினான். இரண்டாம் மொழியாக நான்காண்டு கற்ற சிங்களம். எழுத்தெழுத்தாகக் கூட்டி, சில சொற்களைக் கைத்தொலைபேசியிற் பார்த்து, கால் மணி நேரத்திற் பொருள் சொன்னான். காணி உறுதியின் பிரதியை இன்ன திகதிக்கு முன் அனுப்புக என்பதே செய்தி. அத்திகதி நான்கு நாளைக்கு முன் கழிந்துவிட்டது. கடிதம் கிடைத்த அன்றே கொண்டு வந்திருக்கலாமே என்றோம். வாத்தியாருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருக்குமென்று காத்திருந்ததாகத் தந்தையார் கூறினார்.

தாமதத்திற்கான காரணத்தை விளக்கி மறுமொழிக் கடிதத்தை யாம் தமிழில் எழுதினோம். இலக்கணப் பிழையின்றி ஒரு பக்கம் முழுவதும் வந்தது. அதன் கீழே மகன் சிங்களத்தில் மூன்று வரி எழுதினான். என்ன எழுதினாய் என்று கேட்டோம். “கடிதம் விளங்கேல்லை, அதாலை பிந்திப்போச்சு, உறுதி இத்தோடை இருக்கு எண்டு எழுதினனான், சேர்” என்றான்.

தேநீர் வந்தது. தந்தையார் அருந்தினார், மகன் நின்றபடியே குடித்து முடித்தான். இருக்குமாறு கூறினோம். பங்குக் கிணற்றில் அவர்களது முறை எட்டு மணிக்குத் தொடங்குகின்றது என்றான். இருவரும் ஒரே சைக்கிளிற் சென்றனர். அக்கடிதத்திற்கு இதனை எழுதும்வரை மறுமொழி வரவில்லை.