பாட்டுக் கட்டும் பட்டினம்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலே, ரென்னசி மாநிலத்தின் நடுவிலே, கம்பர்லாந்து ஆற்றின் வளைவொன்றை அணைந்தபடி அமைந்துள்ளது நாஷ்வில் நகரம். கல்லூரிகள் மிகுந்திருந்த காரணத்தால் இதனை முன்னாளிலே ‘தென்னாட்டு ஏதென்ஸ்’ என்று அழைத்தனர். அப்பெயருக்கு ஏற்ப, 1897ஆம் ஆண்டு நடைபெற்ற மாநில நூற்றாண்டுக் கண்காட்சிக்காக, கிரேக்கரின் பார்த்தெனன் கோயிலை அதே அளவிலே இங்கு கட்டி எழுப்பினர். பின்னர் கொங்கிறீற்றினால் புதுக்கப்பெற்ற அக்கட்டடம் இன்றும் பூங்காவொன்றின் நடுவே நிற்கின்றது. ஆனால் இந்நகரை நாடி வருவோர் பெரும்பாலும் கிரேக்கக் கலையைக் காண வருவதில்லை. அவர்கள் பாட்டைத் தேடி வருகின்றார்கள். நாமும் அவ்வாறே சென்றோம்.

‘கன்ட்ரி’ என்று அமெரிக்கர் வழங்கும் நாட்டுப்புறப் பாணிச் சங்கீதத்தின் தலைநகரம் நாஷ்வில். இச்சங்கீதம் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்த இல்லங்களிலே ஜிம் ரீவ்ஸ் என்னும் பாடகரின் குரலை அறியாதார் மிகச் சிலரே. உரத்துப் பாடாமல், அருகிலிருப்பவரிடம் பேசுவது போன்று பாடிய அம்மனிதர், 1964ஆம் ஆண்டு ஆடித் திங்கள் இறுதியிலே, தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நாஷ்வில் நகருக்கு அண்மையில் வீழ்ந்து நொறுங்க, நாற்பதாவது வயதில் மறைந்தார். அவர் பெயரை நாம் அறிவோம். ஆனால் அவர் பாடிய பாட்டுகளைக் கட்டியவர் யார்? பக்கவாத்தியம் இசைத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை பகரும் நகரம் நாஷ்வில்.

முதலில் இச்சங்கீதத்தின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். இது மலைநாட்டு வெள்ளையரின் தனிச் சொத்து என்று கருதுவோர் பலர். வாத்தியங்களே அக்கருத்தை மறுக்கின்றன. பிடில் ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு வந்தது. பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் தம் நினைவிலே சுமந்து வந்து உருவாக்கியது. அழுவது போல நீண்டு குழையும் ஸ்ரீல் கிற்றார் ஹவாய்த் தீவுகளிலே தோன்றியது. தொண்டையைத் திடீரென உயர்த்தி உடைத்துப் பாடும் முறை ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச்சாரலுக்கு உரியது. இத்தனை நீரோடைகளும் சேர்ந்தே ஓர் ஆறாயின.

அந்த ஆறு இசைத்தட்டிலே ஏறிய இடங்களுள் தலையாயது பிறிஸ்ரல். ரென்னசி, வேர்ஜீனியா என்னும் இரு மாநிலங்களின் எல்லைக் கோடு இச்சிற்றூரின் பிரதான வீதியின் நடுவே செல்கின்றது. 1927ஆம் ஆண்டு கோடையிலே ரால்ப் பியர் என்பவர் விக்ரர் கம்பெனியின் சார்பில் இங்கே ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவினார். சில நாள் இடைவெளியிலே காற்றர் குடும்பத்தாரும் ஜிம்மி றொஜர்ஸ் என்பவரும் வந்து பாடினர். இச்சங்கீதத்தின் வரலாறு எழுதுவோர் அந்நாட்களைப் பெருந்தொடக்கமாகக் கொள்வர். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். காற்றர் குடும்பத் தலைவர் பழம்பாட்டுகளைத் தேடி மலையூர்கள்தோறும் அலைந்தபோது, கேட்ட மெட்டை மறவாது நினைவிற் பதித்து அவருக்கு உதவியவர் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கிற்றார் வித்துவான். அக்காலத்து இசைத்தட்டுகளிலே அவர் பெயர் இல்லை.

நாஷ்வில் நகரின் பெருமை வானொலியோடு தொடங்கியது. 1925ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களிலே ஒரு காப்புறுதிக் கம்பெனி தன் வியாபாரத்தைப் பெருக்கும் பொருட்டு இங்கு ஒலிபரப்பு நிலையமொன்றை நிறுவியது. அவ்வாண்டு நவம்பர் 28ஆந் தேதி, ஜிம்மி தொம்சன் என்னும் 77 வயது முதியவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பிடில் வாசித்தார். அன்று தொடங்கிய சனிக்கிழமை இரவுக் கச்சேரி ‘கிறான்ட் ஓல் ஒப்றி’ என்னும் பெயரோடு நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அந்தப் பெயரும் ஒரு குறும்பினால் வந்ததே. 1927ஆம் ஆண்டு ஓர் இரவு, உயர்தரச் சங்கீத நிகழ்ச்சியொன்று முடிந்த கையோடு, அறிவிப்பாளர் ஜோர்ஜ் ஹே, இதுவரை ‘கிறான்ட் ஒப்பரா’ கேட்டீர்கள், இனி எங்கள் ‘ஒப்றி’யைக் கேளுங்கள் என்னும் பொருள்படப் பேசி, ஒரு வித்துவானை வாசிக்க அழைத்தார். அவ்வித்துவான் டிபோர்ட் பெய்லி. வாயிலே வைத்து ஊதும் சிறு மவுத் ஓர்கனிலே, ஓடும் புகையிரதத்தின் மூச்சையும் கூவலையும் எழுப்ப வல்லவர். அவரும் கறுப்பினத்தவரே.

பெய்லியின் கதை நெஞ்சை உறுத்துவது. ஒப்றியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவராக அவர் ஊரூராகச் சென்றார். மேடையிலே கரகோஷம் செய்த அதே ஊர்களின் விடுதிகள் அவருக்கு அறை தர மறுத்தன. 1941ஆம் ஆண்டு, பாட்டுகளின் உரிமைக் கட்டணம் பற்றி வானொலி நிலையங்களுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் மூண்ட பிணக்கிலே, அவருடைய புகழ்பெற்ற உருப்படிகளை வாசிக்க இயலாத நிலை ஏற்பட்டது. அவ்வாண்டே அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். அதன்பின் இந்நகரிலேயே சப்பாத்துத் துடைத்து மினுக்கும் கடை வைத்துச் சீவித்து, 1982இல் காலமானார். கன்ட்ரி இசைப் பெருமக்கள் மண்டபத்திலே அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2005ஆம் ஆண்டில். மண்டபத்தை வலம்வந்த நாம் அந்தப் பட்டயத்தின் முன் சிறிது நேரம் நின்றோம். கௌரவம் வந்தது, ஆனால் அதைக் கண்டு மகிழ அவர் இல்லை.

நகரின் மையத்திலே றைமன் மண்டபம் நிற்கின்றது. செங்கல்லாற் கட்டிய இது உண்மையில் ஒரு பிரார்த்தனைக் கூடம். கப்பற்றலைவர் தோமஸ் றைமன் என்பவர் ஒரு போதகரின் சொல்லைக் கேட்டு மனம் மாறிக் கட்டுவித்தது, 1892இல் நிறைவெய்தியது. 1943 முதல் 1974 வரை ஒப்றிக் கச்சேரிகள் இங்கேயே நிகழ்ந்தன. இன்றும் கேட்போர் அமர்வது கோயிலுக்குரிய நீண்ட மரவாங்குகளிலேதான். கச்சேரி புதிய அரங்குக்குப் பெயர்ந்தபோது, பழைய மேடையிலிருந்து வட்டமாக ஒரு பலகைத் துண்டை வெட்டியெடுத்துப் புதிய மேடையின் நடுவிலே பதித்தனர். 2010ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்திலே அரங்கினுள் ஆற்றுநீர் புகுந்தது. அந்த வட்டப் பலகையை மீட்டு, செப்பனிட்டு, மீண்டும் அதே இடத்திற் பதித்தார்கள். முன்னோர் நின்று பாடிய பலகையின்மீது நின்று பாடுவதைப் பாடகர் பெரும்பேறாகக் கருதுகின்றனர்.

மண்டபத்திலிருந்து தென்மேற்கே சென்றால் ‘மியூசிக் றோ’ எனப்படும் வீதிகள் வருகின்றன. பார்வைக்குச் சாதாரண குடியிருப்பு வீதிகளே. 1950களின் நடுப்பகுதியிலே ஓவென் பிறாட்லியும் அவர் சகோதரரும் இங்கே ஒரு வீட்டை வாங்கி, அதனருகே அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றையும் அமைத்து, ஒலிப்பதிவு தொடங்கினர். 1957இல் ஆர்.சி.ஏ. கம்பெனியும் அண்மையிலே ஒரு கூடம் கட்டியது. ஜிம் ரீவ்ஸ் 1959இல் ‘ஹீல் ஹாவ் ரு கோ’ என்னும் பாட்டைப் பாடியது அங்கேதான். அதை எழுதியோர் ஜோ அலிசன், ஓட்ரி அலிசன் என்னும் கணவனும் மனைவியும். பியானோ வாசித்தவர் புளோயிட் கிரேமர். எல்விஸ் பிறெஸ்லி அதே கூடத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார். இன்று அது காட்சிச்சாலையாகப் பேணப்படுகின்றது.

அக்கூடங்களிலே நாள்தோறும் வாசித்த வித்துவான்கள் ஒரு சிறு குழுவினரே. மூன்று மணிநேரம் ஓர் அமர்வு. அதற்குள் மூன்று அல்லது நான்கு பாட்டுகள் முடிய வேண்டும். ஒத்திகை கிடையாது. எழுதிய இசைத்தாளும் பெரும்பாலும் கிடையாது. அவர்கள் கண்ட உபாயம் எண்முறை. நீல் மத்தியூஸ் என்பவர் 1950களின் இறுதியில் வகுத்ததை, சார்லி மக்கோய் முதலிய வாத்தியக்காரர் விரித்துக்கொண்டனர். சுரக்கூட்டு ஒவ்வொன்றையும் ஒன்று, நான்கு, ஐந்து என எண்ணாற் குறிப்பர். பாடகர் சுருதியைச் சற்றே தாழ்த்தினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை. எண்கள் அப்படியே நிற்கும். பாடுபவரின் சாரீரத்துக்கேற்ப ஆதார சட்ஜத்தை வைத்துக்கொண்டு, ச ரி க ம என்னும் பெயர்களை மாற்றாது வழங்கும் நம் மரபை அறிந்தவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். சிறுவயதிலேயே கண்பார்வை இழந்து, நாஷ்வில் பார்வையற்றோர் பாடசாலையிலே பியானோ பயின்ற ஹாகஸ் றொபின்ஸ் இக்குழுவினருள் ஒருவர். பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற பொப் டிலன் 1966இல் இங்கு வந்து பதிவு செய்தபோதும் பியானோவின் முன் அமர்ந்தவர்களுள் அவர் ஒருவர்.

அதே கட்டடத்திலே அந்நாட்களில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த வேலையாளையும் மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. அவர் பெயர் கிறிஸ் கிறிஸ்ரொபர்சன். றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டிலே ஆங்கில இலக்கியம் கற்றவர். இராணுவத்திலே ஹெலிகொப்ரர் ஓட்டியவர். இராணுவக் கல்லூரியில் இலக்கிய ஆசிரியர் பதவி காத்திருக்க, அதை விடுத்துப் பாட்டு எழுதும் ஆசையோடு 1965இல் இங்கு வந்தார். பெற்றோர் மனம் வருந்தினர். ஆண்டுகள் சில கழிந்தே ஜோனி காஷ் போன்றோர் அவர் பாட்டுகளைப் பாடினர். இலக்கியம் கற்பிப்போராகிய நாம் அவரை எண்ணி வியப்பதும், சிறிது வெட்குவதும் இயல்பே.

டொலி பார்ற்றன் அம்மையாரின் கதை வேறொரு பாடம். பன்னிரு பிள்ளைகளுள் நாலாமவராக, மலையடிவாரத்துச் சிறு குடிசையில் வளர்ந்தவர். 1964இல் பாடசாலைப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் வந்தார். தம்மை உயர்த்திவிட்ட பாடகரின் குழுவினின்றும் பிரியும் வேளையில் அவர் எழுதிய விடைபெறும் பாட்டை எல்விஸ் பாட விரும்பினார். ஆனால் வெளியீட்டுரிமையில் பாதியைத் தரவேண்டும் என்று எல்விஸின் முகாமையாளர் கேட்டார். இளம்பெண்ணாகிய அவர் மறுத்தார். அன்றிரவு அழுததாக அவரே கூறியுள்ளார். 1992இல் விற்னி ஹியூஸ்ரன் அப்பாட்டைத் திரைப்படத்திற் பாட, அது உலகெங்கும் ஒலித்தது. பெருஞ்செல்வம் முழுவதும் எழுதியவரையே சேர்ந்தது. அவருடைய தந்தையார் எழுத்தறியாதவர். அதனை நினைந்து 1995இல் அவர் தொடங்கிய நூற்கொடைத் திட்டம் குழந்தைகளுக்கு மாதந்தோறும் இலவசமாகப் புத்தகம் அனுப்புகின்றது.

பாட்டெழுதுவோரை நேரிற் காண விரும்பினால் நகரின் புறத்தே உள்ள ‘புளூபேர்ட் கபே’க்குச் செல்ல வேண்டும். 1982இல் திறக்கப்பட்ட இது, கடைவரிசை ஒன்றின் நடுவே ஏறக்குறைய தொண்ணூறு பேர் அமரக்கூடிய சிறு உணவுச்சாலை. அறையின் நடுவே நான்கு நாற்காலிகள். அவற்றிலே நான்கு எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்து முறைவைத்துப் பாடுவர். கேட்போர் பேசலாகாது. நாம் சென்ற இரவு, தலைநரைத்த ஒருவர் கிற்றாரை மெல்ல மீட்டித் தாழ்ந்த குரலிலே தொடங்கினார். இரண்டாம் அடி வருமுன் அறையிலே ஒரு பெருமூச்சு எழுந்தது. வேறொருவரின் பாட்டு என்று எல்லோரும் ஆண்டாண்டாக எண்ணியிருந்த பாட்டு அது. அதைப் பெற்றெடுத்தவர் கை எட்டும் தூரத்தில் அமர்ந்திருந்தார்.

இத்தொழிலுக்கு இன்று நெருக்கடி வந்துள்ளது. அமெரிக்கச் சட்டம் 1909 முதல் 1977 வரை, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்கு இரண்டு சதம் என உரிமைப்பணம் விதித்திருந்தது. பிற்காலத்தில் அத்தொகை உயர்ந்தது. பத்துப் பாட்டுள்ள தட்டு விற்றால், புகழ்பெற்ற முதற்பாட்டை எழுதியவருக்குக் கிடைக்கும் பணமே எவரும் அறியாத ஒன்பதாம் பாட்டை எழுதியவருக்கும் கிடைக்கும். அதைக் கொண்டே பலர் குடும்பம் நடத்தினர். இன்று மக்கள் தட்டு வாங்குவதில்லை. இணையத்திலே வேண்டிய பாட்டை மட்டும் கேட்கின்றனர். ஒரு தடவை கேட்டால் எழுதியவருக்கு வருவது சதத்தின் மிகச் சிறு கூறே. ஒன்பதாம் பாட்டுக்காரருக்கு ஏதுமில்லை. பிறோட்வே வீதியின் மதுச்சாலைகளிலே காலை முதல் நள்ளிரவு தாண்டியும் வாசிக்கும் இளைஞர்களும், நாம் ‘சந்தோஷம்’ என்று கொடுப்பது போன்ற காசையே பெரிதும் நம்பியுள்ளனர்.

எனினும் நம்பிக்கை தரும் செய்திகளும் உள. திரேசி சப்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி தாமே எழுதிப் பாடி 1988இல் வெளியிட்ட ‘பாஸ்ற் கார்’ என்னும் பாட்டை, 2023இல் லூக் கோம்ஸ் என்னும் கன்ட்ரிப் பாடகர் மீண்டும் பாடினார். அவ்வாண்டின் சிறந்த பாட்டுக்கான கன்ட்ரி இசைச் சங்கப் பரிசு, எழுதியவர் என்ற முறையிலே சப்மனுக்கே வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினப் பாட்டாசிரியர் அவரே. 2024இல் பியோன்சே வெளியிட்ட கன்ட்ரிப் பாட்டொன்றிலே பாஞ்சோ வாசித்தவர் றியானன் கிடென்ஸ். அவ்வாத்தியத்தின் ஆபிரிக்க வேரை உலகுக்கு எடுத்துரைப்பதைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்ட கலைஞர் அவர். லெஸ்லி றிடிலும் டிபோர்ட் பெய்லியும் நடந்த பாதை தூர்ந்து போகவில்லை என்பதற்கு இவை சான்று.

நம் ஊர்களிலே கூத்து நடந்த இரவுகளை நினைத்துப் பார்ப்போம். அரசனாக வந்து ஆடியவனின் பெயரை ஊர் சொல்லும். அவனுக்குப் பாட்டுப் பழக்கிய அண்ணாவியாரையும், விடிய விடிய மத்தளம் தட்டியவரையும் எத்தனை பேர் நினைவு வைத்திருக்கின்றோம்? வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ இனி ஒரு நல்ல பாட்டைக் கேட்கும்போது, இதை எழுதியவர் யார், இந்த வாத்தியத்தை வாசித்தவர் யார் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், தேடிப் பார்த்துச் சொல்வோமாக. நாஷ்வில் நகரிலிருந்து நாம் கொண்டுவந்த பொருள் அந்தக் கேள்வி ஒன்றுதான்.