ஸ்பிரிங் மட்டும் மாற்றிய வழக்கு

கோவை நுகர்வோர் ஆணையத்தில் நான் நடத்திய கார் ஸ்பிரிங் வழக்கு ஒன்றை இன்றும் ஜூனியர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன். கட்சிக்காரர் ஓர் இளைஞர். கார் தாழ்வாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு பட்டறையில் உயரம் குறைக்கும் ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தார். "கம்பெனி ஷாக்கே தாங்கும்ங்க, மாத்த வேண்டியதில்ல" என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பினார். சில மாதங்களில் முன்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. பள்ளத்தில் விழுந்தால் தடாரென்று அடி. வேகமெடுத்தால் வண்டி அடங்காமல் குதித்தது. பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள்.

அவர்களுடைய பதிலுரை, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டியது. வண்டியை மாற்றியமைக்கச் சொன்னவரே நஷ்டஈடு கேட்கலாமா என்பது வாதம். மாற்றிக் கொடுத்துக் கூலி வாங்கியவர் அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது என்று நான் வாதிட்டேன். இன்றும் அதுதான் என் கருத்து.

கழற்றிய ஷாக்கை ஆணையத்தின் முன் வைத்தோம். தூசி மறைக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் துண்டு நொறுங்கி, தண்டில் எண்ணெயும் மண்ணும் அப்பிக்கிடந்தன. பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியரின் அறிக்கை காரணத்தைச் சொன்னது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக். கம்பெனி ஷாக்கின் வால்வுகள் கம்பெனி ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. குட்டையான ஸ்பிரிங் கூடுதல் விறைப்பானது. அது விரிந்து எழும் வேகத்தைப் பழைய ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாது. அதோடு, கார் நாலு சென்டிமீட்டர் இறங்கினால் முன்பக்க ஷாக்கின் தண்டும் ஏறக்குறைய அவ்வளவு உள்ளே போய் நிற்கும். மேற்கொண்டு அமுங்க இடம் குறைகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் கட்டிவைத்திருப்பவை எந்த விதிக்கும் அடங்குவதில்லை. ஒவ்வொன்றிலும் அடி வாங்கியது அந்த ரப்பர் துண்டுதான்.

வழக்கைத் திருப்பியது ஒரு தாள். ஸ்பிரிங் பெட்டியோடு வந்த குறிப்பைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டேன். தாழ்த்திய வண்டிக்கு ஏற்ற ஷாக்கைச் சேர்த்துப் போடவும், பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குறைக்கவும் அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. பட்டறைக்காரர் அதைப் படித்திருந்தார், வாடிக்கையாளரிடம் காட்டவில்லை. ஜாப் கார்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. என் வாதம் முழுவதையும் அந்த ஒரு பிரிவின் மேல்தான் நிறுத்தினேன்.

முன்பக்க ஷாக் இரண்டின் விலை, ஸ்பிரிங் மாற்றிய கூலி, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தர ஆணையம் உத்தரவிட்டது. மன உளைச்சலுக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்டது. மாற்றத்தைக் கேட்டவர் கட்சிக்காரர்தான் என்பதால் அதை நியாயம் என்றே நினைக்கிறேன். மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பட்டறைக்காரர் பணத்தைக் கட்டிவிட்டார்.