மூன்றாவது சாட்சி

நம் திருமண வீடுகளில் இப்போதெல்லாம் ஹஜ்ரத்துக்கு அடுத்தபடியாக ஆணை பிறப்பிக்கும் உரிமை பெற்றவர் புகைப்படக்காரரே. சில வேளைகளில் ஹஜ்ரத்துக்கு முன்பாகவும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஈஜாபும் கபூலும் முடிந்து, பதிவேட்டில் ஒப்பமிட்டு மணமகன் எழுந்த பின்னரும், "இன்னொரு முறை பேனாவைப் பிடியுங்கள், இந்தப் பக்கம் பாருங்கள்" என்று அவரை மீண்டும் உட்கார வைப்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒருமுறை மெய்யாக நடந்தது, படத்திற்காக மறுமுறை நடிப்பாக நடக்கிறது. ஆல்பத்தில் இடம்பெற்றுப் பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேர்வது அந்த நடிப்புதான்.

இதற்கு மாறான ஒரு முறை சில ஆண்டுகளாக நம் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. "டாக்குமெண்டரி" என்றும் "கேண்டிட்" என்றும் இளைஞர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர். இம்முறையில் படமெடுப்பவர் எவரையும் நில் என்பதில்லை, சிரி என்பதில்லை. நடப்பதை நடந்தவாறே எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். பெங்களூரின் மகேஷ் சாந்தாராம் நம் நாட்டுத் திருமணங்களை இவ்விதம் எடுத்து, "மேட்ரிமேனியா" என்ற பெயரில் ஒரு வரிசையாக்கினார்.

2019இல் தனி மாவட்டமான திருப்பத்தூரில், வாணியம்பாடிக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் அத்தகைய திருமணம் ஒன்றில் கலந்துகொண்டோம். மண்டபம் பிடிக்கவில்லை, மேடை இல்லை, மின்விளக்குத் தோரணம் இல்லை. தோப்பின் நடுவே இருந்த பழைய தோல் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்திருந்தார்கள். மங்களூர் ஓடு வேய்ந்த நீண்ட கூரை. ஈரத்தோல் காற்றில் உலர வேண்டுமென்று பக்கங்களில் இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் பின்னர் வாட்டில் பட்டையும் ஊறிய நீரில் தோல் பதனிட்டவர்கள் கட்டிய கிடங்கு அது. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவுநீர் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், சுத்திகரிப்புக்கு வழியில்லாத சிறு தோல் சாலைகள் பல ஓய்ந்தன. இங்கும் தொழில் நின்றது. கூரை மட்டும் நின்றது. சட்டங்களின் இடைவெளியில் காலை வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. எத்தனை விளக்கு வைத்தாலும் வராத ஒளி அது என்று அந்தப் படக்காரத் தம்பி சொன்னார். அன்று அவர் எங்களிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவர் எடுத்தவற்றைப் பிறகு பார்த்தோம். குத்பா ஓதும் ஹஜ்ரத்தின் விரல்கள். மஹர்த் தொகை எவ்வளவு என்று காது கொடுத்துக் கேட்கக் குனிந்த ஒரு முதியவர். வாசலில் ஜோடி மாறிக் கிடந்த செருப்புகள். ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகுக்கே காலணி செய்து அனுப்பும் ஊர்கள் என்பது நினைவுக்கு வந்து சிரித்தோம். தேக்சா மூடியின் மேல் தணலை வாரிப் போட்டு, சீரகச் சம்பா தம்மில் வேகும் வரை கைகட்டி நிற்கும் பண்டாரி. மணமக்கள் இருவரையும் பூப்போல நிறுத்தி வைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. திருமணம் மட்டும் முழுமையாக இருந்தது.

இக்கலையின் முன்வரலாறு சுவையானது. கேமரா என்ற சொல் அரபியிலிருந்து வந்ததென்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது லத்தீன், அறை என்று பொருள். ஆனால் அந்த இருட்டறையின் இயல்பை ஆய்ந்து எழுதியவர்களில் தலையாயவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கிரகண காலத்துப் பிறைவடிவச் சூரியன் சிறு துளை வழியே எவ்வாறு உருக்கொள்கிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் ஆராய்ந்தார். கையடக்கமான லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்த பிறகே, ஆட்களை நிற்கச் சொல்லாமல் எடுக்கும் முறை எங்கும் பரவிற்று. ஜெர்மனியின் எரிக் சாலமன் 1928இல் தொப்பிக்குள் கேமராவை மறைத்து நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கின் விசாரணையைப் படமெடுத்தார். பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட நூலின் மூலப் பெயருக்கு, கண்ணில் படாமல் அவசரமாக எடுத்த படங்கள் என்பது போலப் பொருள். ஆகவே இம்முறையின் பிறவிக் குணத்திலேயே கொஞ்சம் களவு கலந்திருக்கிறது. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே என்று எண்ணுகிறோம்.

நில் என்று அதட்டுபவரிடம் ஒரு நன்மை இருந்தது. அவர் எடுக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். விரும்பாதவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளலாம், எழுந்தும் போகலாம். அமைதியாக எடுப்பவரிடம் அந்த அவகாசம் இல்லை. புகைப்படமே ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், அது நிழலைப் பிடித்து வைப்பதேயன்றிப் படைப்பதாகாது என்றார்கள். தேவைக்கு மட்டுமே ஆகும் என்போரும் உள்ளனர். அந்த வாதத்தை அறிஞர்களிடமே விடுவோம். ஆகும் என்று கொண்டவருக்கும் அனுமதி என்ற கடமை நீங்கவில்லை. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் இசைவு பெற்று ஸலாம் சொல்லுமாறு ஸூரத்துந் நூர் பணிக்கிறது. ஒருவர் முகத்தில் தோன்றும் துயரமும் அவருடைய வீடுதான்.

நிக்காஹ்வை மறைவில் முடிக்காமல் ஊரறியச் செய்யுமாறு நபி பெருமானார் (ஸல்) பணித்தார்கள். அதற்குத்தான் சாட்சிகள். நடந்ததை நடந்தவாறு எடுப்பவர் மூன்றாவது சாட்சி. சாட்சி சொல்பவர் கூட்டிச் சொல்லலாகாது, மறைக்கலாகாது. கண்டதையெல்லாம் தெருவில் இறைப்பதும் அவர் வேலையன்று. திருமறை சாட்சியத்தை மறைப்பதைக் கண்டிக்கிறது. பிறர் குறையைத் துருவுவதையும் தடுக்கிறது. மாட்சி மிக்க ஒரு படம் இதற்கு எடுத்துக்காட்டாக நம் நினைவுக்கு வருகிறது. 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்தது. விடியலை நோக்கிப் பிரார்த்தித்து நிற்கும் முஸ்லிம் பெண்கள். அவர்களைப் பின்னாலிருந்துதான் காண்கிறோம். எதிரே பள்ளத்தாக்கும் மேகமும் மலையும். முகம் தெரியாததால் அந்தப் படம் எதையும் இழந்துவிடவில்லை.

தோப்புத் திருமணத்தில் பெண் வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். பெண்கள் பகுதிக்கு அவர் செல்லவில்லை. அங்கே ஒரு பெண் எடுத்தார். எடுத்த எதுவும் முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ விளம்பரமாகப் போகலாகாது என்று எழுதியே வாங்கிக்கொண்டார்கள். விருந்துக்கு வந்தவர்களின் கைப்பேசிகளுக்கு அப்படி எழுதி வாங்க முடியவில்லை. பந்தி முடிவதற்குள் இரண்டு மூன்று படங்கள் வெளியூர் போய்ச் சேர்ந்துவிட்டன.

எல்லாப் படங்களையும் ஒப்படைப்பதற்கு முன், ஒன்றை மட்டும் அந்தத் தம்பி தனியே மணமகளின் தந்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார். மகளை அனுப்பி வைக்கும் நேரத்தில் அவர் கிடங்கின் பின்புறம், அணைந்த அடுப்பருகே, தோள் துண்டால் முகத்தை மூடி நின்ற படம். வரவேற்றும் பரிமாறியும் நாள் முழுதும் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர். அதை எடுத்தது அவருக்குத் தெரியாது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஆல்பத்தில் வைக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். என் மகளிடம் மட்டும் ஒன்று கொடுங்கள்" என்றாராம். அவ்வாறே கொடுத்தார். நம்மிடம் இதைச் சொன்னவர் அந்தத் தந்தையே. படத்தை நாம் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை.