மாதிரி விடை இல்லாத தேர்வு

 

இன்று நான் எழுதப்போவது பாடத்திட்டத்தைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ அன்று. என் உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியுமாகும். எழுதலாமா வேண்டாமா எனப் பல நாள் தயங்கினேன். என்னைப் போன்றே ஓர் ஆசிரியரோ ஒரு தாயோ இதே வாசலில் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணமே இறுதியில் எழுதத் தூண்டியது.

எனக்கு வயது 46. செனாயில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். எடை 104 கிலோகிராம். உயரம் 158 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பதே உடல் நிறைக் குறியீட்டெண். ஆறாம் ஆண்டு மாணவனே கணக்கிட்டுச் சொல்லிவிடுவான்: 41.7. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாடி வகுப்பறைக்கு ஏறிச் சென்றால் பதில் வணக்கம் கூற எனக்கு மூச்சு வருவதில்லை. மாணவர்கள் வணக்கம் கூறிவிட்டு, நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். பாவம், அவர்களுக்கு அது பழகிவிட்டது!

இது என் ஒருத்தியின் கதையன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். நம் இந்தியச் சமுதாயத்தில் நீரிழிவும் பருமனும் எவ்வளவு மிகுதி என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நம் வீட்டுத் திருமண விருந்துகளே சான்று.

மருத்துவர் எனக்குப் பரிந்துரைத்தது இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை. இரைப்பையில் ஏறத்தாழ நூற்றுக்கு 75 முதல் 80 பங்கை அகற்றிவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குவார்கள். 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறிமுறையின்படி குறியீட்டெண் 40ஐத் தாண்டியவர்கள், அல்லது 35ஐத் தாண்டி வேறு நோயும் உள்ளவர்கள் இதற்குத் தகுதியுடையோர். 2022இல் அந்நெறிமுறை திருத்தப்பட்டு, ஆசியர்களுக்கு அவ்வெல்லை 27.5 எனத் தாழ்த்தப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தகுதி உண்டு.

“அதற்கு முன் உளவியலாளரைச் சந்தித்து மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும், டீச்சர்” என்றார் மருத்துவர்.

எனக்குச் சுருக்கென்றது. வயிற்றில் செய்யப்போகும் அறுவைக்கு மனத்தை ஏன் சோதிக்க வேண்டும்? எனக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா? அறையைவிட்டு வெளியே வந்ததும் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வழக்கம்போல் அமைதியாகக் காரை எடுத்தார்.

பிறகு, ஆசிரியருக்கே உரிய புத்தி வேலை செய்யத் தொடங்கியது. தேர்வு என்றால் ஆயத்தம் வேண்டுமல்லவா? ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன். என்னென்ன கேட்பார்கள் எனத் தேடிப் படித்து, இடப்பக்கம் வினாவும் வலப்பக்கம் விடையும் எழுதினேன். ‘உங்களுக்குக் கவலை உண்டா?’ - பணி நிறைவளிக்கிறது. குடும்பம் துணை நிற்கிறது. ‘உணவுப் பழக்கம் எப்படி?’ - மூன்று வேளை, நொறுக்குத்தீனி அரிது. அழகான மாதிரி விடைகள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த நாள்களில்கூட நான் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

அதே வாரம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் பொழுதுபோக்கு’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். பெரும்பாலானோர் ‘என் பொழுதுபோக்கு நூல் வாசித்தல்’ என்றே தொடங்கியிருந்தனர். அவர்களுள் பலர் நூலகப் பக்கமே வராதவர்கள். ஒரே ஒரு மாணவன் மட்டும், தன் தாத்தாவுடன் சாலையோரம் நின்று செனாய் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களை எண்ணுவது பற்றி எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆயினும் அதைத்தான் நான் வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினேன். “உண்மையை எழுதியிருக்கிறான்” என்று பாராட்டினேன். என் பைக்குள் அந்தப் பயிற்சிப் புத்தகம் இருந்தது.

சந்திப்புக்கு இரண்டு நாள் இருக்கையில், படிவம் நான்கில் பயிலும் என் மகளிடம் அப்புத்தகத்தைக் கொடுத்து, “நீ கேள், நான் சொல்கிறேன்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான்காவது வினா: ‘யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது உண்டா?’

“இல்லை” என்றேன்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

“அம்மா, பிஸ்கட் டின்ல குறையறது அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் வாங்கி வாங்கி நிரப்பி வைக்கிறேன்.”

என்ன சொல்வது? புத்தகங்களைத் திருத்தி முடித்த பின்னிரவுகளில், விளக்கைப் போடாமல் சமையலறையில் நின்று தின்றிருக்கிறேன். பள்ளி முடிந்து வரும் வழியில் ஐந்து வெள்ளிக்குப் பீசாங் கோரேங் வாங்கிக் காரிலேயே உண்டு, எண்ணெய்ப் பையை எண்ணெய் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வீட்டில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்திருக்கிறேன். எவருக்கும் தெரியாது என்றே நம்பியிருந்தேன். என் பொய்யைக் காக்க என் மகள் தன் கைச்செலவுப் பணத்தைச் செலவிட்டிருக்கிறாள். எத்தனை மாதங்களாக என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தப் பயிற்சிப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சென்றேன்.

உளவியலாளர் இளம்பெண். முதலில் வினாத்தாள்கள். கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் மனச்சோர்வாக இருந்தது, உறக்கம் எப்படி என்று ஒன்பது வினாக்கள் கொண்டது ஒன்று. உணவின்மீது கட்டுப்பாடு இழப்பதைப் பற்றியது மற்றொன்று. பின்பு ஒரு மணி நேரம் பேசினோம். மது, புகை, மருந்துகள், இதற்கு முன் எடை குறைக்க எடுத்த முயற்சிகள், வீட்டில் யார் துணை, அறுவைக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என எதிர்பார்க்கிறேன், எல்லாம் கேட்டார். “உங்கள் எடையைப் பற்றி முதன்முதலில் யார், என்ன சொன்னார்கள்?” என்றும் கேட்டார். விளையாட்டுப் போட்டி நாளில், எல்லார் முன்னிலையிலும் ஓர் ஆசிரியர் சொன்ன வேடிக்கைச் சொல் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆசிரிய நண்பர்களே, அவர் அதை அன்றே மறந்திருப்பார்.

இருட்டுச் சமையலறையைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்பது ஒரு நோயாகவே இருக்கக்கூடும் என்றும், 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது என்றும் விளக்கினார். சிறுத்துவிட்ட இரைப்பையில் பெருவிருந்துக்கு இடமிராது. ஆனால் பனிக்கூழும் இனிப்புப் பானமும் சிறிது சிறிதாக நாள் முழுதும் இறங்கிவிடும். துயரத்துக்கு உணவையே மருந்தாகக் கொண்டவருக்கு அம்மருந்து பறிக்கப்பட்டால், மனம் வேறொன்றைத் தேடும், சோர்வும் மிகலாம். அதனால்தான் முன்னரே கேட்கிறார்கள். இது தேர்ச்சி, தோல்வி என்ற தேர்வன்று. உடனே செய்யலாம், உதவியோடு செய்யலாம், சற்றுப் பொறுத்துச் செய்யலாம் என மூன்று விடைகள் வரக்கூடும்.

எனக்குக் கிடைத்தது மூன்றாவது. மூன்று மாதம் அவரைத் தொடர்ந்து சந்தித்து, அதன் பிறகு மீண்டும் மதிப்பீடு. ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு மாதிரி விடையாகிவிடும். காரில் அமர்ந்து அழுதேன்.

இச்சந்திப்புக்குச் செல்வோருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். உண்ணும் மருந்துகளின் பெயர்களை எழுதிக் கொண்டு செல்லுங்கள். எடை ஏறிய ஆண்டுகளையும், அப்போது வாழ்வில் என்ன நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் உண்டதை, நேரத்தோடும் மனநிலையோடும் எழுதுங்கள். இயன்றால் வீட்டில் உள்ள ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விடைகளை மட்டும் மனனம் செய்யாதீர்கள்.

மகளிடம், இனி டின்னை நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றார் அவர்.

நேற்றிரவு கட்டுரைகளைத் திருத்தி முடிக்கையில் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சமையலறைக்குச் சென்றேன், இம்முறை விளக்கைப் போட்டேன். டின்னில் நான்கு பிஸ்கட்டுகள் இருந்தன. மூன்றைத் தின்றேன். பிறகு உணவுக் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: ‘இரவு 11.10. பிஸ்கட் மூன்று. பசி இல்லை, களைப்பு.’

மீண்டும் எழுதுகிறேன்.