வெறும் கோடுதான்

தாப்பா ரோடு ஸ்டேஷன்ல அம்மாகூட ரயிலுக்குக் காத்திருந்தேன்.
கைப்பேசியில நஸ்ரின் முகமதி வரைஞ்ச படம்.
வெள்ளைத் தாள், மெல்லிசா சில கோடு. அவ்வளவுதான்.
தலைப்பு கூட கிடையாது.

அம்மா எட்டிப் பார்த்தாங்க.
"என்னடா, கணக்கு நோட்டா?"

பரோடாவுல ஓவியம் சொல்லிக்கொடுத்தவங்க, 1990ல தவறிட்டாங்க, கடைசிக் காலத்துல உடம்பு கட்டுப்பாட்டுல இல்ல, ஆனா கோடு மட்டும் நடுங்கலன்னு அளந்துவிட்டேன்.
2016ல நியூயார்க்ல மெட் பிரோயர் மியூசியம் திறந்தப்ப இவங்க கண்காட்சியும் இருந்துச்சுன்னு பெருமை வேற.

அம்மா மறுபடி பார்த்தாங்க. ரொம்ப நேரம்.
"சாய்வு சரியா இருக்கு. மரத்துல காயம் படாம பட்டை சீவுன மாதிரி."

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுன கை.
நான் மூணு கட்டுரை படிச்சும் பாதிதான் புரிஞ்சுச்சு 😅

அம்மா சீவுன நிரையெல்லாம் இப்ப செம்பனை.
அந்தப் பால்மரத்துக் கோடுகளை யாராச்சும் படம் எடுத்து வச்சிருக்கீங்களா?