வன்னியிலே ஒரு பகல்

இலங்கைத் தீவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோரின் பட்டியலைப் பாருங்கள். கண்டி இருக்கும், சீகிரியா இருக்கும், நுவரெலியாவும் காலிக் கோட்டையும் இருக்கும். வடக்கே வர எண்ணுவோர் நல்லூரையும் நயினாதீவையும் சேர்த்துக்கொள்வர். வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையே பரந்து கிடக்கும் பெருநிலத்தின் பெயர் அப்பட்டியலிற் காணப்படுவது அரிது. வண்டி வவுனியாவைத் தாண்டியதும் கண்ணயர்ந்து, ஆனையிறவின் உப்புக் காற்று முகத்திற் படும்போது விழித்தெழுவோரே பலர். கேட்டால், "காடுதானே, பார்க்க என்ன இருக்கிறது?" என்பர்.

அவ்வினாவுக்கு விடை கூறவே இக்கட்டுரை எழுந்தது. வன்னியிலே பார்ப்பதற்கு நிரம்ப உண்டு. ஆயின், அங்குள்ளவை தாமாக எழுந்து நின்று தம்மைக் காட்டிக்கொள்வன அல்ல. சீகிரியாக் குன்றை ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. தொலைவிலிருந்தே அது தெரியும். வன்னியின் குளமோ, போர்க்களமோ, தெய்வம் இளைப்பாறிய நிழலோ, சொல்வார் ஒருவர் இல்லாவிடின் வெறுங் குளமாகவும் வெறுந் திடலாகவும் வெறும் மரமாகவுமே கண்ணுக்குத் தோன்றும். ஆகவே இங்கு பயணம் செய்வோர் முதலில் தேட வேண்டியது நல்ல வண்டியை அன்று, நல்ல வழிகாட்டியை.

வழியும் வழிகாட்டியும்

வவுனியாவில் ஒரு நாள் வாடகைக்கு வான் ஒன்றை அமர்த்திக்கொள்வது எளிது. சாரதியே வழிகாட்டியாகவும் வாய்த்துவிட்டால் அது பெரும் பேறு. தை மாதத்து விடியற்பொழுதொன்றில் நாம் ஏறிய வண்டியின் சாரதி முள்ளியவளையைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். வண்டியோட்டம் இல்லாத நாட்களில் வயலிலே நிற்பவர். புறப்படு முன் வழியை விளக்கினார். கண்டி வீதியால் வடக்கு நோக்கி மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் கடந்து ஆனையிறவு. திரும்பிப் பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. பின்னர் வற்றாப்பளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி வழியாகப் புளியங்குளத்தில் மீண்டும் கண்டி வீதி. எல்லாமாகச் சுமார் 240 கிலோமீற்றர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இருள் சூழும் வேளைக்கு வவுனியாவை அடைந்துவிடலாம்.

நகரிலே பண்டாரவன்னியனின் சிலையைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கினார். "ஐயா, இவரைப் பின்னேரம் இன்னொரு இடத்திலை காட்டுறன். இப்ப கும்பிட்டுட்டு வாங்கோ" என்றார்.

ஓமந்தையில் இன்று எவரும் வண்டியை நிறுத்துவதில்லை. 2002-ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்பாட்டை அடுத்துக் கண்டி வீதி திறக்கப்பட்டபோது, பெட்டி படுக்கைகளை இறக்கிச் சோதனைக்கு வரிசையில் நின்ற இடம் அது. 1990-ஆம் ஆண்டு முதல் வவுனியாவோடு நின்றுபோன புகைவண்டி, 2013-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014-ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடலாயிற்று. வீதிக்கு அருகே தண்டவாளம் மினுங்குவதைக் கண்ட சிறுவர்களுக்கு இதில் வியப்பில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் அப்பாதையில் வண்டி ஓடவில்லை என்று சாரதி சொன்னபோதுதான் அவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தனர்.

முறிகண்டியும் இரணைமடுவும்

முறிகண்டிப் பிள்ளையார் கோவில் அளவிற் சிறியது. ஆனால் அவ்வழியாற் செல்லும் வண்டிகள் அங்கே நில்லாமற் போவதில்லை. கோடீசுவரரின் காரும், மரக்கறி ஏற்றிய லொறியும், நெடுந்தூரப் பேருந்தும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். ஒரு தேங்காய், ஒரு கட்டி கர்ப்பூரம், கைப்பிடி திருநீறு. பின்னர் வீதியோரக் கடையில் மணலில் வறுத்த கச்சான். வழிப்பிள்ளையாருக்கு இவ்வளவே போதும். இந்து, கிறித்தவர், பௌத்தர் என்ற வேற்றுமை சாரதிமாரிடையே அங்கு பெரிதும் பாராட்டப்படுவதில்லை. நெடும் பாதையிலே உயிரைக் கையிற் பிடித்து ஓடுபவர்க்கு அச்சமும் ஒன்று, நம்பிக்கையும் ஒன்று அன்றோ?

அங்கிருந்து சிறிது தூரத்தில் வலப்புறம் திரும்பினால் இரணைமடுக் குளம். இரணை என்பது இரட்டை; இரண்டு மடுக்களை ஒன்றாக்கி அமைந்தமையால் அப்பெயர் என்பர். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுவே. 1902-ஆம் ஆண்டு தொடங்கிய வேலை 1920 அளவில் நிறைவெய்திற்று; அணைக்கட்டு அதன்பின் பல தடவை உயர்த்தப்பட்டது. இறுதியாகத் திருத்தப்பெற்று 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் கையளிக்கப்பட்டது. தை மாதத்திலே கட்டின் மீது ஏறி நின்றால் மறுகரை தெரியாத நீர்ப்பரப்பு ஒருபுறம். கதிர் முற்றிச் சாய்ந்த வயல்வெளி மறுபுறம். கட்டருகே கனகாம்பிகை அம்மன் கோவில் கொண்டிருக்கிறாள்.

சாரதியின் கல்வி இங்கேதான் வெளிப்பட்டது. கனகராயன் ஆறு தெற்கே பிறந்து கண்டி வீதிக்கு அணித்தாகவே நெடுந்தூரம் ஓடி இக்குளத்தை நிரப்புவதையும், மிஞ்சிய நீர் வான்கதவுகளால் பாய்ந்து சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேர்வதையும் விரலால் மணலிற் கீறிக் காட்டினார். மாரி மழையை நம்பிச் செய்வது காலபோகம். குளத்து நீரை நம்பிச் செய்வது சிறுபோகம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை ஒவ்வோராண்டும் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடி, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்தே முடிவு செய்வர். தண்ணீரைப் பங்கிடுவது தங்கத்தைப் பங்கிடுவதிலும் அரிது. இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் முன்னர் வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் உடன்படவில்லை. முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டு ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. குளத்தின் அழகை மட்டும் கண்டு படம் பிடித்துத் திரும்புவோர்க்கு, அந்நீருக்குள் இத்தனை வழக்கு இருப்பது எங்ஙனம் தெரியும்?

கிளிநொச்சி நகரமும் இக்குளத்தின் குழந்தையே. யாழ்ப்பாணத்தில் நிலமும் வேலையும் போதாதாரைக் குடியேற்றும் பொருட்டு 1936-ஆம் ஆண்டில் உருவான குடியேற்றம் அது. 2009-ஆம் ஆண்டு சனவரியில் ஆளரவமற்றுக் கிடந்த அந்நகரில் இன்று வங்கிகளும் புடைவைக் கடைகளும் நிறைந்துள்ளன. ஆயினும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017-ஆம் ஆண்டு பெப்ரவரி 20-ஆம் நாள் கந்தசுவாமி கோவில் முன்றலில் அறப்போராட்டம் தொடங்கிய ஊரும் இதுவே.

ஆனையிறவு

பரந்தனைக் கடந்ததும் மரங்கள் குறைந்து, வானமும் நீரும் வெளியும் மட்டுமே எஞ்சுகின்றன. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஆழமற்ற இந்நீர்ப்பரப்பின் வழியே குடாநாட்டுக்கு இறக்கி, அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றனர், அதனால் ஆனையிறவு. வன்னியரசர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் கட்டிய திறையும் யானையாகவே இருந்தது. அம்மிருகங்கள் சென்ற வழியே பிற்காலத்தில் படைகளும் சென்றன. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்நிலம் கண்ட சமர்கள் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. இராணுவத்தார் அமைத்த நினைவுச் சின்னங்கள் வீதியோரம் நிற்கின்றன.

கிழக்கே நீண்டு செல்லும் நீர்ப்பரப்பின் அந்தத்தில் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும், 2015-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஐப்பசி முதல் பங்குனி வரை பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் அங்கே வந்து தங்கும். ஒரே நாளில் அதையும் பார்த்துவிட எண்ணுவது பேராசை. பறவை விரும்புவோர் தனியே ஒரு நாளை ஒதுக்குக.

பலகை இல்லாத இடங்கள்

பரந்தனிலிருந்து கிழக்கே செல்லும் வீதியில் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. தென்னையும் வாழையும் செழித்த வளவுகள். பள்ளிச் சிறுமியரின் துவிச்சக்கர வண்டிகள். போர் முடிந்த புதிதில் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோர்க்குப் புதுக்குடியிருப்புப் பகுதியிற் காட்டப்பட்டவை நிலக்கீழ் அறைகளும் போர்த் தளவாடங்களுமே. அவற்றுட் பெயர் பெற்ற நிலக்கீழ் இல்லம் 2013-ஆம் ஆண்டு ஒக்டோபரில் தகர்க்கப்பட்டது. அவ்வாறு வந்து போனோர் வன்னியைப் பார்த்தனர் என்று சொல்ல இயலுமா? போரைப் பார்த்தனர்; மனிதரைப் பார்த்தாரில்லை.

முள்ளிவாய்க்காலை அணுகியபோது, அதுவரை ஓயாது பேசி வந்த சாரதி மௌனமானார். வானொலியை நிறுத்தினார். கடலுக்கும் நந்திக்கடல் நீரேரிக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம் அது. 2009-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் போர் முடிந்ததும், அதன்முன் இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கிக் கிடந்ததும் இந்நிலத்திலும் இதனை அண்டிய கரையிலுமே. மாண்டோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அரசும் பிறரும் ஒத்த விடை இன்றும் தரவில்லை. ஆண்டுதோறும் மே 18-இல் உறவினர் இங்கே கூடிச் சுடரேற்றுவர். உப்பிட்ட அரிசிக் கஞ்சியைப் பகிர்ந்து குடிப்பர். அந்நாட்களில் கிடைத்த ஒரே உணவு அது.

ஐந்து நிமிடம் இறங்கி நின்றோம். சாரதி எதையும் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வண்டியில் ஏறியபின், "இதைக் காட்டுறதுக்குக் காசு வாங்கிறன் எண்டு நினைக்காதேங்கோ, ஐயா. இந்த வழியாலை போகாமல் முல்லைத்தீவுக்குப் போறது எனக்குச் சரியாப்படேல்லை" என்று மட்டும் சொன்னார். வழிகாட்டியின் கடமை எங்கே பேச வேண்டும் என்பதை அறிவது மட்டுமன்று. எங்கே பேசாதிருக்க வேண்டும் என்பதை அறிவதும் ஆகும். பயணிக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. துயருற்ற வீட்டுக்குச் செல்பவர் சுவரிலுள்ள படங்களை விலை பேசுவதில்லை. சிரித்து நின்று படம் எடுப்பதும், எதிர்ப்படுவோரை நிறுத்தி உன் பிள்ளை எப்படி இறந்தான் என்று வினவுவதும் தகாதன. அவர்களாகச் சொன்னால் அமர்ந்து கேளுங்கள்.

கண்ணகியும் வன்னியனும்

வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரையை அடைந்தோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஊரையே வாரிச் சென்ற கரை அது. இன்று மீன்பிடி வள்ளங்கள் வரிசையாய் இழுத்து விடப்பட்டிருந்தன. மத்தியானச் சோற்றுக்கு நந்திக்கடல் இறால் கிடைத்தது.

நீரேரியின் கரையிலேயே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வீற்றிருக்கிறாள். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து ஈழம் வந்து இளைப்பாறிய இடங்களுட் பத்தாவது இது. பத்தாம் பளையே வற்றாப்பளையாயிற்று என்பது ஐதிகம். கிழவி வடிவில் வந்த அம்மனுக்கு மாடு மேய்க்கும் சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தனராம். விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாளாம். அதன் நினைவாக வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் இன்றும் நிலைத்துள்ளது. அரசனின் நீதிமன்றமல்ல, மாடு மேய்க்கும் பிள்ளைகளின் அடுப்படியே கண்ணகியின் சினத்தை ஆற்றிற்று என்று வன்னி மக்கள் கதை சொல்லி வருவது எண்ணி மகிழத்தக்கது.

பின்னேரம் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரரை வணங்கியபின், காலையில் வாக்களித்தபடி சாரதி நம்மைக் கற்சிலைமடுவுக்கு அழைத்துச் சென்றார். பண்டாரவன்னியன் 1803-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25-இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31-இல் கப்டன் வொன் டிரிபேர்க் என்பவன் இவ்விடத்தில் அவனைத் தோற்கடித்தான். அவ்வெற்றியைக் குறித்து ஆங்கிலேயரே ஒரு கல் நாட்டினர். ஆனால் அக்கல்லைத் தேடி மக்கள் வந்தது வென்றவனை நினைக்க அன்று, தோற்றவனை நினைக்கவே. போர் முடிந்தபின் அக்கல்லும் உடைக்கப்பட்டது. கல் உடையலாம், இடத்தைக் காட்ட ஒரு விரல் இருக்கும்வரை வரலாறு உடைவதில்லை.

மாணவர்க்கு ஒரு சொல்

வன்னியின் ஊர்களிலே முதியோர் குறைந்து வருகின்றனர்; இளையோர் பலர் கடல் கடந்து விட்டனர். எந்தத் துருசு எவர் காலத்தில் கட்டப்பட்டது, எந்த மரத்தடியில் எந்தக் கூத்து ஆடப்பட்டது என்று சொல்ல வல்லவர் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இருப்பர்? பாடசாலைகள் கல்விச் சுற்றுலாவுக்கு இடந் தேடும்போது ஒரு தடவையேனும் வன்னியைத் தெரிந்துகொள்வனவாக. தை, மாசி மாதங்கள் உகந்தவை. குளம் நிறைந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு இறங்காதீர். குடிநீரைக் கொண்டு செல்லுங்கள். உள்ளூர்ச் சாரதியையே அமர்த்துங்கள். அவர் பேசுவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

"காடுதானே" என்று சொல்வோர்க்கு விடை அக்குறிப்பேட்டிலேயே இருக்கும்.