படுவான்கரையில் ஒரு பகல்

மட்டக்களப்புக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. ஆனால், ஊர் பார்ப்பதற்கென்றே நான் அங்கு சென்றது ஒரேயொரு தடவைதான். அதற்கு முன்னர் சென்றதெல்லாம் செய்தி தேடி. செய்தி என்றால் அந்நாள்களில் அநேகமாக மரணம். அக்காலத்துக் குறிப்பேடுகளை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். ஊர்ப்பெயர்கள், திகதிகள், எண்ணிக்கைகள். வாவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் அதனைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி அது. கடலை அண்டிய கிழக்குப் பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயர். மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என்று பொருள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் எழுவான்கரையோடு நின்றுவிடுகிறார்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு, கண்டல் மரங்களுக்கிடையே படகுச் சவாரி, வடக்கே பாசிக்குடாக் கடற்குளிப்பு. இவையெல்லாம் பார்க்கவேண்டியவைதாம். நானும் பார்த்தேன். எனினும், என் மனம் மேற்குக் கரையிலேயே இருந்தது.

முன்பெல்லாம் மண்முனைத் துறையில் ‘பாதை’ வரும்வரை காத்திருக்கவேண்டும். வாகனங்களையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிச்செல்லும் மிதவைக்கு அங்கு பாதை என்றே பெயர். 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. இப்போது சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அப்போது அக்கரைக்குச் செல்வதென்றால் சோதனைச் சாவடியில் அரை நாள் போய்விடும். அதை நினைத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சேற்றில் புரளும் எருமைகள், அவற்றின் முதுகில் கொக்குகள். வழியோரக் கடையொன்றில் சட்டியில் உறைந்த எருமைத் தயிரைச் சர்க்கரையோடு உண்டேன். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில், போர்த்துக்கேயர் முன்னிலையில் கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையைப் பெரியவர் ஒருவர், தாமே நேரில் கண்டவர்போல விபரித்தார்.

பின்னர் மகிழடித்தீவு. 1987 தையிலும் 1991 ஆனியிலும் இப்பகுதியில் படையினரால் பொதுமக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். நினைவுத்தூபியின் அருகே வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். கையில் தொப்பியும் தோளில் கமராவுமாக அங்கு நிற்கக் கூச்சமாயிருந்தது. தயிரின் சுவை இன்னும் நாவில் இருந்தது. ஊர் பார்க்க வந்தவன் இங்கு நிற்கலாமா என்று ஒரு கேள்வி. நிற்காமலே போய்விடலாமா என்று இன்னொரு கேள்வி. முதியவள் ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, “எங்கயிருந்து வாறீங்க தம்பி?” என்று கேட்டாள். கொழும்பு என்றேன். “கோயிலப் பாத்தீங்களா? தயிர் சாப்பிட்டீங்களா?” என்றாள். தூபியைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரனாக வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அன்று பூரணைக்கு முதல்நாள். இரவு கல்லடிப் பாலத்தடியில் தோணி ஏறினேன். 1924 இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் அங்கு அருகருகே நிற்கின்றன. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற பெயருக்குக் காரணமான ஒலியைக் கேட்பதற்கு உகந்த இடம் அதுதான் என்பார்கள். 1848 இல் இங்கு வந்த எமர்சன் ரெனென்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இவ்வொலியைத் தாம் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். மீனல்ல, ஊரிதான் பாடுகிறது என்பாரும் உளர். எந்த உயிரினம் என்பது இன்னமும் முடிந்த முடிபாகவில்லை.

தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையை என் காதோடு சேர்த்துவைத்தார். “பேசாம இருங்க ஐயா” என்றார். சிறிது நேரம் கழித்து, “சண்டைக் காலத்தில ராவில தோணி இறக்க ஏலாது. மீன் பாடித்தான் இருக்கும். கேக்கத்தான் ஆள் இல்ல” என்றார்.

மெல்லிய அதிர்வொன்று கேட்டது. தம்புரா நரம்பை யாரோ தொலைவில் தொட்டதுபோல. மீனா, ஊரியா, நீரோட்டமா, அல்லது என் செவியின் மயக்கமா? இரண்டு பேரிடம் உறுதிசெய்யாமல் செய்தி எழுதக்கூடாது என்று பயின்றவன் நான். ஆனபடியால் மீன் பாடியது என்று எழுதமாட்டேன். கேட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

இதே நகரில்தான் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். துடுப்பைக் காதில் வைத்திருந்தபோது அவர் நினைவும் வந்தது.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நண்பர்கள் மட்டக்களப்பில் எதைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பாசிக்குடாவுக்குப் போங்கள். ஆனால் ஒரு பகலையாவது படுவான்கரைக்கு ஒதுக்குங்கள். தயிர் சாப்பிடுங்கள், கோயிலைப் பாருங்கள். மகிழடித்தீவில் சற்று வாகனத்தை நிறுத்துங்கள். அந்த ஊரைப் பார்ப்பதென்றால் இவை அத்தனையும் சேர்ந்ததுதான்.